பட்டாளத்துக்கு எத்தனை வாசல்? வாசகர் கேள்வியும் ரிட்டயர்டு சுபேதார் பதிலும்

போன இதழ்ல பட்டாளத்துல சேர்றது பத்தி கேள்வி அனுப்புங்கன்னு ஒரு வரி போட்டிருந்தாங்க, அதுக்கே இவ்ளோ கடிதம் வரும்னு நான் நெனைக்கல. எல்லாத்தையும் படிச்சேன். எடம் இருக்கற அளவுக்கு பதில் சொல்றேன். நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல சிப்பாயா சேந்து சுபேதாரா ரிட்டயர் ஆனவன், இப்ப ஊர்ல காலையில பசங்களுக்கு ஓட சொல்லிக்குடுக்கறேன், அதனால ஆர்மி பத்தி கொஞ்சம் அதிகமாவும் நேவி ஏர்போர்ஸ் பத்தி கம்மியாவும் தான் என்னால பேச முடியும்.

கேள்வி: ஐயா, ரெஜிமென்ட்ங்கறாங்க, பட்டாலியன்ங்கறாங்க, கோர்ங்கறாங்க, கமாண்ட்ங்கறாங்க. எது பெருசு எது சின்னதுன்னே புரியல. யாருக்கு கீழ யாரு வர்றாங்க? (கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, கீழேர்ந்து ஏறி வந்தா சுலபமா புரியும். பத்து பேர் சேந்தா ஒரு செக்ஷன், அதுக்கு ஒரு ஹவில்தாரோ நாயக்கோ தலைவர். மூணு செக்ஷன் ஒரு பிளாட்டூன், சுமார் முப்பது முப்பத்தஞ்சு பேர், அத ஒரு நாயப் சுபேதாரோ சுபேதாரோ இல்ல புதுசா வந்த லெப்டினென்ட்டோ பாத்துக்குவாரு. மூணு பிளாட்டூன் ஒரு கம்பெனி, நூத்தி இருபது பேர் பக்கம், மேஜர் ரேங்க்ல ஒருத்தர் கமாண்டர். நாலு ரைஃபிள் கம்பெனி, மார்ட்டார் மாதிரி கனமான ஆயுதம் வெச்சிருக்கற சப்போர்ட் கம்பெனி ஒண்ணு, சமையல்லேர்ந்து வண்டி வரைக்கும் பாத்துக்கற ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனி ஒண்ணு, இதெல்லாம் சேந்தா தான் பட்டாலியன். 800 பேர் கிட்ட வரும், தலைவர் ஒரு கர்னல், அவர தான் சி.ஓ.ன்னு சொல்லுவோம். நாங்க பேசிக்கறப்ப பட்டாலியன்னு சொல்ல மாட்டோம், 'பல்டன்' தான். ஒரு சிப்பாய்க்கு வீடு, குடும்பம், சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாமே அந்த பல்டன் தான், இத நீ மனசுல வெச்சுக்கோ, மத்தது எல்லாம் அதுக்கு மேல அடுக்கற அடுக்கு.

மூணு பட்டாலியன் ஒரு பிரிகேடு, அதுக்கு பிரிகேடியர். மூணு பிரிகேடு பக்கம் சேந்து ஒரு டிவிஷன், மேஜர் ஜெனரல். ரெண்டு மூணு டிவிஷன் சேந்தா கோர், அதுக்கு லெப்டினென்ட் ஜெனரல். கார்கில் சண்டைக்கப்புறம் 1999ல லே-ல ஆரம்பிச்சாங்களே 14வது கோர், அது இந்த வகை தான். அதுக்கும் மேல கமாண்ட். மொத்தம் ஏழு: உதம்பூர்ல வடக்கு, சண்டிமந்திர்ல மேற்கு, ஜெய்ப்பூர்ல தென்மேற்கு, லக்னோல மத்திய, கொல்கத்தால கிழக்கு, புனேல தெற்கு, அப்புறம் பயிற்சிக்குன்னே சிம்லால ஒண்ணு. நம்ம தமிழ்நாடு புனே கமாண்டுக்கு கீழ வருது.

இப்ப ரெஜிமென்டுக்கு வர்றேன், இங்க தான் எல்லாரும் குழம்பறாங்க. ரெஜிமென்ட்ங்கறது காலாட்படையில ஒரு பரம்பரை மாதிரி, அது சண்டைக்கு மொத்தமா போற படை இல்ல. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நெறய பட்டாலியன் இருக்கு, ஒண்ணு காஷ்மீர்ல இருக்கும் ஒண்ணு அஸ்ஸாம்ல இருக்கும், ஒண்ணுக்கொண்ணு பாத்துக்கறதே அபூர்வம், ஆனா எல்லாரும் பயிற்சி எடுத்தது நீலகிரி வெலிங்டன்ல, எல்லாருக்கும் ஒரே யானை சின்னம், எல்லாருக்கும் 'வீர மதராசி அடி கொல்லு அடி கொல்லு'ங்கற ஒரே கோஷம். 1758ல ஆரம்பிச்ச வழி அது. அதே மாதிரி பெங்களூர்ல அல்சூர் ஏரிக்கரையில மெட்ராஸ் சாப்பர்ஸ்னு இஞ்சினியர் படை, 1780லேர்ந்து இருக்கு, பாலம் கட்டறது, கண்ணிவெடி எடுக்கறது இவங்க வேலை, இவங்கள 'தம்பி'ங்கன்னு தான் ஆர்மி முழுக்க கூப்பிடுவாங்க.

இது போக பீரங்கிப்படை, டாங்க் படை, சிக்னல்ஸ், சப்ளை, மெடிக்கல், ரிப்பேர் பாக்கற இ.எம்.இ.ன்னு நெறய இருக்கு. துப்பாக்கி தூக்கி முன்னாடி போறவன் ஒருத்தன்னா அவனுக்கு சோறு, குண்டு, மருந்து, போன் லைன் எல்லாம் கொண்டு சேக்க பின்னாடி பல பேர் வேணும். அதுல இருக்கறவனும் பட்டாளத்தான் தான், அத யாரும் கொறச்சு பேசக்கூடாது.

கேள்வி: என் பையன் அக்னிவீர்ல சேரணும்னு நிக்கிறான். நாலு வருஷம் முடிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்களாமே? எங்க குடும்பத்துல ரெண்டு பேர் பென்ஷன் வாங்கறோம், இவனுக்கு அது கெடையாதுன்றாங்க. அனுப்பலாமா வேணாமா? (முன்னாள் படைவீரர், வேலூர் மாவட்டம்)

அண்ணே, உங்க பக்கத்து கம்மவான்பேட்டையைவே ராணுவப்பேட்டைன்னு சொல்றாங்க, வீட்டுக்கு வீடு மிலிட்டரி, உங்களுக்கு நான் சொல்லி தெரியணும்னு இல்ல. ஆனா நாம சேந்த வாசல் வேற, இப்ப இருக்கற வாசல் வேற, அத தெளிவா பேசிடுவோம்.

2022 ஜூன்ல அக்னிபத் திட்டம் அறிவிச்சாங்க, அதுல சேர்றவங்களுக்கு பேரு தான் அக்னிவீர். அதுக்கப்புறம் சிப்பாயா சேர்றதுக்கு இது ஒண்ணு தான் வழி. நாலு வருஷம். சம்பளம் முதல் வருஷம் மாசம் 30,000, அப்புறம் 33,000, 36,500, கடைசி வருஷம் 40,000. ஆனா அதுல 30 சதவீதம் சேவா நிதின்னு பிடிச்சுக்குவாங்க, அதனால முதல் வருஷம் கைக்கு வர்றது 21,000 தான். பிடிச்ச காசு நாலு வருஷத்துல 5 லட்சத்து 2 ஆயிரம் ஆகும், அதே அளவு கவர்மென்ட் போடும், வட்டியோட சேந்து வெளிய வர்றப்ப சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம், வருமான வரி கெடையாது. பேட்ச்ல 25 சதவீதம் பேர் வரைக்கும் நிரந்தரமா எடுத்துக்குவாங்க, அவங்களுக்கு மேல குறைஞ்சது 15 வருஷ சர்வீஸ், அப்ப தான் நம்மள மாதிரி பென்ஷன் கணக்கு வரும். மத்தவங்களுக்கு பென்ஷன் இல்ல, கிராஜுட்டி இல்ல, எக்ஸ் சர்வீஸ்மேன் அந்தஸ்து இல்ல, கேன்டீன் கார்டு இல்ல, ஈ.சி.எச்.எஸ். ஆஸ்பத்திரி வசதி இல்ல. சர்வீஸ்ல இருக்கற வரைக்கும் 48 லட்சம் இன்சூரன்ஸ் உண்டு, அதுக்கு பையன் காசு கட்ட வேண்டியதில்ல.

நான் என்ன நெனைக்கிறேன்னா, பென்ஷனுக்காக அனுப்பறதா இருந்தா அனுப்பாதீங்க, ஏன்னா நாலுல மூணு பேருக்கு அது வராது, வரும்னு நம்பி போயி நாலாவது வருஷம் உடைஞ்சு நிக்கக்கூடாது. பையன் பட்டாளத்து மேல ஆசையா, மனசோட போறான்னா தாராளமா அனுப்புங்க, ஆனா மொத நாளே அவன்கிட்ட சொல்லி அனுப்புங்க, இது நாலு வருஷம், அந்த நாலு வருஷத்துல உன் கையில ஒரு படிப்பு சேரணும்னு. பத்தாவதோட போறவனுக்கு பன்னெண்டாவது முடிக்க வழி வெச்சிருக்காங்க, இக்னோங்கற திறந்தநிலை பல்கலைக்கழகத்துல அக்னிவீருக்குன்னே டிகிரி இருக்கு, பயிற்சியே பாதி கிரெடிட்டா சேரும். சாயங்காலம் ரோல் கால் முடிஞ்சதும் செல்போன நோண்டற ஒரு மணி நேரத்த படிப்புக்கு ஒதுக்கினா போதும். வெளிய வந்தவங்களுக்கு சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். மாதிரி படைகள்ல ஒதுக்கீடும் வயசு தளர்வும் சொல்லியிருக்காங்க. ஆனா 'அது இருக்கு'ன்னு கைய கட்டிட்டு உக்காந்துடக்கூடாது, அங்கயும் பரிட்சை உண்டு.

இன்னொண்ணு, அந்த 11 லட்சம். 21, 22 வயசு பையன் கைக்கு ஒரே நாள்ல வர்ற காசு அது. பைக்கு, நகைக்கடன், அக்கா கல்யாணம்னு பிச்சுப்போடாம அது அவன் அடுத்த வாழ்க்கைக்கு வெச்ச முதல்னு வீட்டுல இப்பவே எல்லாரும் பேசி முடிவு பண்ணிக்குங்க அண்ணே. இத மட்டும் கெஞ்சி கேக்கறேன்.

கேள்வி: சார் எனக்கு 19 வயசு, ரெண்டு வருஷமா ஓடறேன். செலக்ஷன் எப்படி நடக்கும்? எங்க ஊர்ல ஒருத்தர் மூணு லட்சம் குடுத்தா மெடிக்கல்ல பாஸ் பண்ணி விடறேன்னு சொல்றாரு, அப்பா நெலத்த அடமானம் வெக்கலாமான்னு கேக்கறாரு. (வாசகர், தர்மபுரி மாவட்டம்)

தம்பி, மொதல்ல அப்பாகிட்ட போயி சொல்லு, நெலத்து பத்திரத்த வெளிய எடுக்காதீங்கன்னு. யாருக்கும் ஒத்த ரூபா குடுக்க வேண்டாம். அவன் பண்றது என்னன்னா பத்து பேர்கிட்ட காசு வாங்குவான், அதுல சொந்தமா ஓடி சொந்தமா பாஸ் ஆனவன் ரெண்டு பேர் இருப்பான், 'பாத்தியா என்னால தான்'னு அவங்க காச வெச்சுக்குவான், மிச்ச பேருக்கு அடுத்த ரேலில (ஆள் எடுக்கற முகாம்ல) பாக்கலாம்பான். நான் சொல்லிக்குடுத்த பையன் ஒருத்தன் வீட்டுலயே இது நடந்துச்சு, அம்மா தாலிக்கொடி போச்சு, பையன் நல்ல ஓட்டக்காரன், காசே குடுக்காம போயிருப்பான். எனக்கு இன்னிக்கும் அது ஆறல.

இப்ப முறையைச் சொல்றேன். ஜாயின் இந்தியன் ஆர்மி வெப்சைட்ல நீயே பதிவு பண்ணலாம், கட்டணம் 250 ரூபா. 2023லேர்ந்து மொத எழுத்து பரிட்சை தான், கம்ப்யூட்டர்ல, அதுல பாஸ் ஆனவங்கள மட்டும் தான் ரேலிக்கு கூப்பிடறாங்க. முன்ன மாதிரி மொத ஓட்டம் அப்புறம் பரிட்சைன்னு நெனச்சு ரெண்டு வருஷம் வெறும் ஓட்டமே ஓடிட்டிருந்தா இங்கயே நின்னுடுவ. ஜி.டி.க்கு, அதாவது ஜெனரல் டியூட்டிங்கற பொது சிப்பாய் வேலைக்கு, 50 கேள்வி, ஒரு மணி நேரம், பொது அறிவு, அறிவியல், கணக்கு, ரீசனிங், தப்பா போட்டா மார்க் கழிப்பாங்க. இப்ப தமிழ்லயே எழுதலாம். படிப்பு தகுதி ஜி.டி.க்கு பத்தாவதுல மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்துலயும் 33. உயரம் நம்ம பக்கத்துக்கு 166 செ.மீ. வயசு 17½ ஆகியிருக்கணும், மேல் வரம்புக்கு பிறந்த தேதி கணக்கு அந்தந்த வருஷ நோட்டிபிகேஷன்ல இருக்கும், அத பாத்துக்கோ. கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது, அந்த நாலு வருஷமும் பண்ணிக்க மாட்டேன்னு எழுதிக்குடுக்கணும். தமிழ்நாட்டுல சென்னை, கோயமுத்தூர், திருச்சி மூணு எடத்துல ரெக்ரூட்டிங் ஆபீஸ் இருக்கு, உன் மாவட்டம் எதுல வருதுன்னு நோட்டிபிகேஷன்லயே போட்டிருப்பாங்க.

ரேலில 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 5 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள வந்தா முழு 60 மார்க். 400 மீட்டர் கிரவுண்ட்ல நாலு ரவுண்டு, அதாவது ஒரு ரவுண்டுக்கு 82 செகண்டு. பசங்க என்ன பண்றாங்கன்னா கூட்டத்த பாத்த பயத்துல மொத ரவுண்ட 65 செகண்டுல போயிடறாங்க, மூணாவதுல மூச்சு வாங்கி நின்னுடறாங்க. வாட்ச் கட்டிக்கிட்டு 82, 82, 82ன்னு ஒடம்புக்கு பழக்கு, கடைசி 200 மீட்டர் மட்டும் விடு. தார் ரோட்டுல ஓடாத, முழங்காலுக்கு கீழ எலும்பு வலி வந்துடும், மண்ணுல ஓடு. அப்புறம் பீம், அதாவது கம்பியில தொங்கி ஒடம்ப மேல இழுக்கறது, சுத்தமா 10 எடுத்தா 40 மார்க், கைய முழுசா விரிச்சு எறங்கணும், பாதியில நிறுத்தினா எண்ண மாட்டாங்க. 9 அடி பள்ளம் தாண்டறதும் வளைஞ்சு போற கட்டை மேல விழாம நடக்கற ஜிக்ஜாக் பேலன்ஸும் பாஸ் ஆனா போதும், மார்க் கெடையாது.

மெடிக்கல்ல போறது பெரும்பாலும் சின்ன சின்ன விஷயத்துல. காதுல அழுக்கு, சொத்தைப்பல், நிக்கிறப்ப முட்டி ரெண்டும் ஒட்டறது, தட்டைப்பாதம், கலர் தெரியாத கண்ணு, எடம் தெரியாம குத்தின பச்சை. காது பல்லு ரெண்டையும் ஒரு மாசம் முன்னாடியே நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரில காட்டி சரி பண்ணிக்கோ. அன்ஃபிட்னு போட்டாலும் மிலிட்டரி ஆஸ்பத்திரில மறுபடி காட்ட வாய்ப்பு குடுப்பாங்க, அத விட்டுடாத. அந்த மூணு லட்சக்காரன் சொல்ற 'மெடிக்கல் பாஸ்'ங்கறது இந்த சட்டப்படி இருக்கற மறுபரிசோதனைய தான் தன் சாமர்த்தியம்னு விக்கிறான்.

பேப்பர் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். ஆதார்ல ஒரு பேரு, பத்தாவது சர்ட்டிபிகேட்ல ஒரு பேரு, அப்பா இனிஷியல் ஒண்ணுல முன்னாடி ஒண்ணுல பின்னாடி, பிறந்த தேதி மாறி இருக்கறது, இதுலயே நல்ல பசங்க வெளிய வந்து அழுதத பாத்திருக்கேன். இன்னிக்கே எடுத்து வெச்சு பாரு, தப்பு இருந்தா இன்னிக்கே இ-சேவை மையத்துக்கு போ.

கேள்வி: எட்டாவது வரைக்கும் தான் படிச்சேன். எனக்கு எடம் உண்டா? (சிவகங்கை)

உண்டு. டிரேட்ஸ்மேன் பிரிவுல ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர் வேலைக்கு எட்டாவது பாஸ் போதும். மத்த டிரேடுக்கு பத்தாவது வேணும், முடிஞ்சா தனித்தேர்வா எழுதி பத்தாவத முடிச்சிடுங்க, கதவு இன்னும் பெருசா தொறக்கும்.

கேள்வி: சி.ஆர்.பி.எஃப். மிலிட்டரி தானே? (விருதுநகர்)

இல்லீங்க. ஆர்மி, நேவி, ஏர்போர்ஸ் மூணும் பாதுகாப்பு அமைச்சகம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப்., ஐ.டி.பி.பி., எஸ்.எஸ்.பி. எல்லாம் உள்துறை. அங்க கான்ஸ்டபிளா சேர ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் பரிட்சை நடத்துது, 2024லேர்ந்து அதையும் தமிழ்ல எழுதலாம், நாலு வருஷ கணக்கு அங்க கெடையாது. ரெண்டுக்கும் சேத்தே தயார் பண்றது தான் புத்திசாலித்தனம், பாடமும் ஓட்டமும் பெரும்பாலும் ஒண்ணு தான்.

கேள்வி: ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. அங்க போனா கிண்டல் பண்ணுவாங்களா, பயமா இருக்கு. (தேனி மாவட்டம்)

நானும் ஒரு வார்த்தை தெரியாம தான் போனேன் தம்பி. வெலிங்டன்ல மொத நாள் காலையில குளிர்ல உஸ்தாத் (பயிற்சி குடுக்கறவர்) 'சாவ்தான்'னு, அதாவது அட்டென்ஷன்னு, கத்தறாரு, பக்கத்துல இருந்த ஆந்திராக்கார பையன் என்ன பண்றானோ அத பாத்து நான் பண்றேன், அவன் எனக்கு அடுத்தவன பாத்து பண்ணியிருக்கான், அது எனக்கு அப்புறமா தான் தெரியும். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நாலும் ஒரே பேரக்ல படுத்து எந்திரிக்கும். கட்டளை எல்லாம் ஒரு அம்பது வார்த்தை, மூணு வாரத்துல தூக்கத்துல கூட வரும். லங்கர்ல, அதாவது சாப்பாட்டு எடத்துல, தட்ட நீட்டி இன்னொரு சப்பாத்தி கேக்கறதுக்கு நாலு வார்த்தை தானா வந்துடும். ஆறாவது மாசம் ஓரளவு பேசுவ, அப்புறம் வடக்க பல்டனுக்கு போனா சரளமா வரும். மொழிக்காக ஒருத்தனும் திரும்பி வந்து நான் பாக்கல. வீட்டு ஞாபகத்துல அழுது திரும்பினவங்க உண்டு, அது தான் நெஜமான கஷ்டம், மொத நாப்பது நாள் பல்ல கடிச்சு தாண்டிடணும்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன், பொண்ணு. ஆபீசரா ஆகணும்னு ஆசை. வீட்டுல சிரிக்கிறாங்க. முடியுமா? (திருநெல்வேலி மாவட்டம்)

முடியும் பாப்பா. வீட்டுல இத படிச்சு காட்டு.

2021ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கப்புறம் புனே பக்கம் கடக்வாஸ்லால இருக்கற என்.டி.ஏ.ங்கற ஆபீசர் பயிற்சி அகாடமி வாசல் பொண்ணுங்களுக்கு தொறந்தாச்சு, 2022ல போன மொத பேட்ச்ல 17 பேர் 2025 மே 30ந் தேதி பாஸிங் அவுட் பரேட்ல பசங்களோட சேந்து நடந்து வந்தாங்க. பன்னெண்டாவது படிக்கிறப்பவே எழுதலாம், வயசு 16½லேர்ந்து 19½, யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது. கணக்கு 300 மார்க், பொதுப் பேப்பர் 600, அப்புறம் எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ 900 (இது ஆபீசர தேர்ந்தெடுக்கற சர்வீசஸ் செலக்ஷன் போர்டு, மேல சொன்ன உள்துறை படை எஸ்.எஸ்.பி. வேற). ஆர்மிக்கு எந்த குரூப்பும் போதும், நேவி ஏர்போர்ஸுக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் வேணும். படிப்பு, தங்கறது, சாப்பாடு எல்லாம் அரசாங்கமே பாத்துக்கும், மூணு வருஷம் அங்க, அப்புறம் ஒரு வருஷம் ஆர்மிக்கு டேராடூன் மிலிட்டரி அகாடமில.

எஸ்.எஸ்.பி.ய பத்தி நெறய பயமுறுத்துவாங்க. அஞ்சு நாள், நமக்கு பக்கத்துல பெங்களூர்ல சென்டர் இருக்கு. மொத நாள் ஸ்கிரீனிங்லயே பாதிக்கு மேல திரும்பிடுவாங்க. மத்த நாள்ல படத்த பாத்து கதை எழுதறது, குழுவா சேந்து கட்டை கயிறு வெச்சு தடை தாண்டறது, ஒரு ஆபீசரோட நேருக்கு நேர் பேசறது. அங்க பாக்கறது அழகான இங்கிலீஷ் இல்ல. நாலு பேர் கூட இருக்கறப்ப நீ எப்படி நடந்துக்கற, பொய் சொல்றியா, அடுத்தவன பேச விடறியா, இது தான். கிராமத்துல வீட்டு வேலையையும் படிப்பையும் சேத்து பாத்து வளந்த பொண்ணுக்கு அந்த குணம் ஏற்கெனவே இருக்கும், அத வாய்விட்டு சொல்ற பழக்கம் தான் வேணும், அதுக்கு ஸ்கூல்ல என்.சி.சி. இருந்தா இன்னிக்கே சேரு.

என்.டி.ஏ. கெடைக்கலன்னாலும் விடாத. டிகிரி முடிச்சிட்டு சி.டி.எஸ்.ங்கற யு.பி.எஸ்.சி. பரிட்சை எழுதி சென்னை பரங்கிமலையில இருக்கற ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமிக்கு வரலாம், என்.சி.சி. 'சி' சர்ட்டிபிகேட் பி கிரேடோட இருந்தா எழுத்து பரிட்சை இல்லாமயே எஸ்.எஸ்.பி.க்கு போகலாம். 1992லேர்ந்து அங்க பொண்ணுங்க பயிற்சி எடுக்கறாங்க, 2023ல பீரங்கிப்படைக்கே அஞ்சு பெண் ஆபீசர் அங்கேர்ந்து போனாங்க. காலாட்படையும் டாங்க் படையும் இன்னும் தொறக்கல, மத்த நெறய வாசல் தொறந்திருக்கு.

இதுல பசங்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்பாயா சேந்தா ஆபீசர் ஆகவே முடியாதுன்னு நெனைக்காதீங்க. பன்னெண்டாவது முடிச்சு, சர்வீஸ் ரெண்டு வருஷம் ஆகி, 20லேர்ந்து 27 வயசுக்குள்ள இருக்கற படைவீரர் ஆர்மி கேடட் காலேஜுக்கு முயற்சி பண்ணலாம், அது டேராடூன்ல தான் இருக்கு.

கேள்வி: ஒரே மகன். பயிற்சி முடிஞ்சு எங்கயோ வடக்க போயிட்டான். வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும், சில சமயம் ரெண்டு வாரம் வராது. எங்க இருக்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். லெட்டர் போட்டா போய் சேருமா, அட்ரஸ் எப்படி எழுதறது? (ஒரு தாயார், புதுக்கோட்டை மாவட்டம்)

அம்மா, அவன் சொல்லாதது உங்கள ஒதுக்கறதுக்கு இல்ல, எங்க இருக்கோம்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு அங்க கண்டிப்பான உத்தரவு. மலை மேல போஸ்ட்ல சிக்னல் இருக்காது, கீழ எறங்கி வந்தா தான் போன். ரெண்டு வாரம் வரலன்னா மேல இருக்கான்னு அர்த்தம், அவ்ளோ தான். ஏதாவது ஒண்ணுன்னா பல்டன் உங்களுக்கு தகவல் சொல்லாம இருக்காது, அதனால தகவல் வராத நாள நல்ல நாளாவே எடுத்துக்குங்க.

லெட்டர் கட்டாயம் போய் சேரும், போடுங்க. எங்க காலத்துல இன்லேண்ட் லெட்டர் வர்ற நாள்ல பாதி பேர் சாப்பிட மறந்துடுவாங்க, அம்மா கையெழுத்த தடவி தடவி பாத்துட்டு உக்காந்திருப்போம், எங்கம்மாவுக்கு எழுத தெரியாது, தங்கச்சி எழுதி கீழ அம்மா கைநாட்டு வெச்சிருக்கும், அந்த நாலஞ்சு லெட்டர் இன்னும் என் கருப்பு டிரங்க் பெட்டில இருக்கு. ஊர் பேரு எதுவும் எழுத வேணாம். மொத அவன் ஆர்மி நம்பர், அப்புறம் ரேங்க், பேரு, அடுத்த வரில கம்பெனி, அதுக்கடுத்து யூனிட் பேரு, கடைசில 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' (ஏ.பி.ஓ.ன்னா ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) இல்லன்னா '99 ஏ.பி.ஓ.', எதுங்கறத அவன்கிட்ட கேட்டுக்குங்க, அதோட அவன் யூனிட்டுக்குன்னு ஒரு பின்கோடு இருக்கும், அதையும். நம்பரும் பின்கோடும் தப்பில்லாம இருந்தா போதும்மா, அவன் எந்த மலையில இருந்தாலும் கொண்டு போய் குடுத்துடுவாங்க.